நாலு டிகிரித் தொட்டி

என் கடையில் மூன்று வருஷமாக விற்காமல் கிடந்த ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், "இதுல ஆரு படுத்துக் குளிக்கறது?" என்று சிரித்துவிட்டுக் குழாயும் வாளியும் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைசியில் அது பூனைக்குப் படுக்கையாகிவிட்டது. அதனால் போன ஐப்பசியில் பூவாத்தாள் கடைப்படி ஏறி, "ஏனுங்கண்ணா, கழுத்து வரைக்கும் உக்கார்ற மாதிரி தொட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டபோது, அவளோடு எனக்கு ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்பதையும் மறந்து பூனையை விரட்டினேன்.

பேச்சு நின்றதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மேல். பூவாத்தாள் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிறவள். இருபது வருஷமாக அதுதான் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, முப்பது பேர் நின்ற வரிசையில், என் கேனைத் திறந்து நீளக் கரண்டியால் அடிவரை கலக்கினாள். கலக்காமல் அவள் எதையும் சோதிக்க மாட்டாள். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தாள். "அண்ணா, இத எடுக்க முடியாதுங்க. தண்ணி இருக்குது" என்றாள். குரலை உயர்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மாடு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டது என்று வாதாடினேன். "மாடு குடிச்ச தண்ணி இதுல காட்டாதுங்கண்ணா" என்று கேனை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கேனைக் கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டது, அவ்வளவுதான். கொஞ்சம் என்றால் இரண்டு தம்ளர். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பால் தனியார் வண்டிக்குத்தான் போகிறது.

இப்படிப்பட்டவள் எதற்குத் தொட்டி தேடினாள் என்றால், ஓடுவதற்கு.

நாற்பது வயதில் ஒருநாள் அவளுடைய ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டது. பால் எடுக்கும் நேரம் நெருங்குகிறது, வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டர் ஓடினாள். அன்று ஓடத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. சேலை சுடிதாராக மாறியது, செருப்பு பூட்ஸாக மாறியது. காதுக்கு மஃப்ளரைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் அவள் ஓடுவதைப் பார்த்து ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. எனக்குக் காரணம் இருந்தது. அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தைந்து வயது தாண்டியதும், மூத்தவர்களுக்கு நடக்கும் மாநிலத் தடகளப் போட்டிக்குப் பேர் கொடுத்தாள்.

அந்தப் போட்டியில்தான் பிரச்சினை. முதல்நாள் ஐந்தாயிரம் மீட்டர், மறுநாள் காலை பத்தாயிரம். போன வருஷம் முதல்நாள் ஓட்டத்தை நன்றாகத்தான் முடித்தாள். மறுநாள் காலை மைதானத்தின் கேலரியில், நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக்கில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டு படி இறங்கினாள். தொடை கல்லாக இறுகியிருந்தது, முழங்கால் மடங்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று முறை பேரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள். அவள் புருஷன் தனபால் அவளை முதுகில் சுமந்துகொண்டு, அத்தனை பேர் பார்க்க, கேலரியிலிருந்து இறங்கினார். தென்னந்தோப்பில் தேங்காய் மூட்டை தூக்குகிற மனுஷன். பாரம் அவருக்குப் பெரிதில்லை.

"செயிக்கோணும்னு இல்லீங்கண்ணா" என்று பூவாத்தாள் அன்று கடையில் சொன்னாள். "ரெண்டாம் நாளு பேரு கூப்புடறப்ப எந்திரிச்சுப் போகோணும். அது ஒண்ணுதானுங்க."

கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கும் அவள் மகள் யோகப்பிரியாதான் வழி சொல்லியிருக்கிறாள். ஓட்டம் முடிந்த அன்றே குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கால்வலி குறையலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, செய்து பார், என்று.

நான் என் வெள்ளைத் தொட்டியைப் புகழ ஆரம்பித்தேன். பளபளப்பைச் சொன்னேன், வழவழப்பைச் சொன்னேன், கோயம்புத்தூரில் பெரிய பெரிய ஆட்கள் வீட்டில் இதுதான் இருக்கிறது என்று ஒரு பொய்யும் சொன்னேன். பூவாத்தாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தாள். சொசைட்டித் தெர்மாமீட்டர். தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னாள். டீக்கடைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்து போட்டாள். கையை விட்டு அடிவரை கலக்கினாள், அளந்தாள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். அப்புறம் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தாள். நானும் என் தொட்டியும் வரிசையில் நிற்கும் பால்காரர்கள் மாதிரி காத்திருந்தோம்.

"ஒம்பது டிகிரி ஏறிப்போச்சுங்கண்ணா" என்றாள். "இது குளிரைத் தாங்காதுங்க."

மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டாள். பூனைக்குத்தான் சந்தோஷம்.

இருந்தாலும் அவளை விட எனக்கு மனம் வரவில்லை. வியாபாரம் போனது போகட்டும், எதைத்தான் எடுக்கப்போகிறாள் என்று பார்க்க வேண்டும் என்கிற ஆர்வம் பிடித்துக்கொண்டது. கிணற்றில் இறங்கலாமே என்றேன்; கயிற்றில் கட்டித் தெர்மாமீட்டரை இறக்கி ஏற்கெனவே அளந்திருந்தாள், இருபத்தாறு டிகிரி. யோகப்பிரியா ஆன்லைனில் காற்றடிக்கிற தொட்டி ஒன்றை அனுப்பிவைத்தாள். அழகாகத்தான் இருந்தது. அதை மாட்டுக் கொட்டகை ஓரம் நிறுத்தினார்கள். புதிதாகக் கொம்பு முளைத்த கிடேரி வந்து தண்ணீரைக் குடித்தது, பிறகு கொம்பு தினவெடுத்து அதிலேயே உரசியது. தொட்டியின் ஆயுள் இரண்டு நாள். அடுத்ததாக, பேக்கரியில் கழித்துப்போட்ட ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அப்போதுதான் தனபால் வாயைத் திறந்தார்.

"கறண்டுப் பெட்டிக்குள்ள தண்ணிய ஊத்தி ஆள உக்கார வெக்கறதுங்களா? வேண்டாமுங்க."

அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். சரியான பேச்சும்கூட.

கடைசியில் பூவாத்தாள் எடுத்தது எது தெரியுமா? சொசைட்டியின் பழைய பால் கூலர். ஊர்ப் பாலை லாரி வரும்வரை கெடாமல் வைத்திருக்கும் எவர்சில்வர் தொட்டி. முந்நூறு லிட்டர் பிடிக்கும், இடுப்பு உயரம், மேலே மூடி, சுவருக்குள்ளே கனமாகக் குளிர் காக்கும் அடைப்பு, அடியில் தண்ணீரை வெளியேற்ற வால்வு. சொசைட்டிக்குப் பெரிய கூலர் வந்ததும் இதைப் பின்பக்கக் கொட்டகையில் தள்ளியிருந்தார்கள். பழைய இரும்புச் சாமான் ஏலம் விட்டபோது அவள் கேட்டு எடுத்தாள். பல வருஷம் தினமும் இரண்டு வேளை அவள் கழுவித் துடைத்த தொட்டி. அதன் ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். ஊர் முழுக்கத் தொட்டி தேடி அலைந்தவள் அதைத் தினம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

தனபால் அதை வீட்டு மாட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்து, அதிலிருந்த கலக்கும் விசிறியைக் கழற்றினார். எலக்ட்ரீசியன் வந்து எர்த் போட்டு, கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சையும் வைத்தார். ஆள் இறங்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது தனபாலின் சட்டம். வால்வும் குழாயும் மாட்டிக் கொடுத்தது நான்.

அதனால் முதல்நாள் அவள் இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். நடந்த தவற்றில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மாடு. குளிர் என்றால் எங்களுக்கு நாலு டிகிரி. கூலர் நாலில் நிற்க வேண்டும். ஐந்தானால் கேள்வி, ஆறானால் லாரிக்காரர் முகத்தைச் சுளிப்பார். பூவாத்தாள் அன்று காலையிலேயே சுவிட்சைப் போட்டு, சாயங்காலம் நாலு டிகிரி வந்ததும் அணைத்திருந்தாள். தனபாலுக்கும் எனக்கும் அது தப்பாகப் படவே இல்லை. தெர்மாமீட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினோம். சுடிதாரோடு உள்ளே இறங்கிக் கழுத்துவரை உட்கார்ந்தாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூச்சு வெட்டி வெட்டி வந்தது. உதடு நாவல்பழ நிறமானது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தனபால் ஒரே இழுப்பில் வெளியே தூக்கி, ஈரத்தை மாற்றிக் கம்பளியைச் சுற்றி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகும் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார். தம்ளரைப் பிடிக்க அவள் விரல்கள் மடங்கவில்லை. கால்மணி நேரம் கழித்து அவரே மகளைப் போனில் கூப்பிட்டார்.

போனில் யோகப்பிரியா கத்தியது எனக்கே கேட்டது. "பன்னண்டுன்னு மெசேஜ் போட்டனல்லம்மா! பாக்கலியா?"

"பாத்தங்கண்ணு" என்றாள் பூவாத்தாள், நடுக்கம் போகாமல். "நீ தப்பா அடிச்சுப்போட்டயோன்னு நெனச்சேன். பன்னண்டுல பாலு திரிஞ்சு போயிருமல்லொ."

"நாலு டிகிரி பாலுக்கும்மா. நீ என்ன பாலா?"

பூவாத்தாள் கம்பளியை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். பிறகு, "இல்ல சாமி. நீ சரியாத்தான் சொல்லியிருக்கற. நாந்தான் தப்பு" என்றாள்.

பூவாத்தாளின் அளவு தப்பு என்று அவள் வாயாலேயே சொல்லக் கேட்க நான் ஆறு வருஷமாகக் காத்திருந்தேன். வரிசையில் நின்ற அந்தக் காலையை நினைத்து எத்தனை தடவை மனதுக்குள் கறுவியிருப்பேன். இப்போது கேட்டும் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை. நான் இரண்டு தம்ளர் தண்ணீருக்காக மாட்டின் மேல் பழியைப் போட்டவன். இவள் பெற்ற மகளிடம், அடுத்தவன் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தப்பு என் மேல் என்கிறாள். வெட்கமாக இருந்தது. குழாய் முடுக்கும் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், மூடியின் பிடியில் தெர்மாமீட்டர் நூலில் தொங்குகிறது, பக்கத்தில் மகளின் பழைய நோட்டு ஒன்று. பன்னிரண்டில் சுவிட்சை அணைக்கிறாள். முதலில் மூன்று நிமிஷம், பிறகு ஐந்து, பிறகு பத்து. உள்ளே உட்கார்ந்தபடியே கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு அம்முணி கலக்கிட்டே இருக்கற?"

"சும்மா உக்காந்தா ஒடம்பச் சுத்தி மட்டும் தண்ணி வெதுவெதுன்னு ஆயிருதுங்கண்ணா. பால்ல ஆடை மேல நிக்கற மாதிரி. கலக்குனாத்தான் நெசமான குளிரு தெரியுது."

நோட்டைப் புரட்டினேன். மூடி திறந்திருந்தால் மணிக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது, மூடியிருந்தால் எத்தனை, வெயிலில் எத்தனை, காற்றடிக்கும்போது எத்தனை. எல்லாம் எழுதியிருந்தது. இதெல்லாம் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

போட்டி மார்கழியில், பாலக்காட்டில், சனியும் ஞாயிறும். மார்கழி எங்களுக்குக் காற்று மாதம். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று ராத்திரி பகல் என்று பார்க்காமல் அடிக்கும். கடைப் பலகை பறக்கும், தென்னை மட்டை விழும். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கோ ஒரு மட்டை கம்பியில் விழுந்து கறண்டு போனது. ஆபீசுக்குப் போன் செய்தால் நாளைக்குத்தான் என்றார்கள்.

என் கடை இருட்டானதும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தொட்டிதான். ஐந்தாயிரம் முடித்துவிட்டு இப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். கூலர் ஓடாது. தண்ணீர் கிணற்றுச் சூட்டில் நிற்கும். நாளைக் காலை மைக்கில் பேரைக் கூப்பிடுவார்கள். என்னால் கடையில் உட்கார முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். இரண்டு பெரிய ஐஸ்பார், சாக்கில் சுற்றி, மரத்தூள் கொட்டி, வண்டியில் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் விழுந்தடித்து அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சட்டை முழுக்க மீன் நாற்றம்.

நான் போனதும் பூவாத்தாளும் தனபாலும் ஏறிவந்த ஆட்டோ வாசலில் நின்றது. பூவாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினாள். முகத்தில் வலி தெரிந்தது. போன வருஷமும் இப்படித்தான் இறங்கினாளாம்.

"கறண்டு இல்ல அம்முணி. ஐஸ் கொண்டாந்திருக்கறேன், போட்டுக்கலாம்" என்றேன்.

அவள் சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொட்டகைக்கு நடந்து, கூலரின் மூடியைத் திறந்தாள். கரண்டியை எடுத்து அடிவரை கலக்கினாள். தெர்மாமீட்டரை இறக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பதினொண்ணுங்கண்ணா."

எனக்குப் புரியவில்லை. காற்றிலேயே குளிர்ந்ததோ என்று உளறினேன்.

"காத்து மாசத்துல கறண்ட நம்பி இருக்க முடியுங்களா? காலைல அஞ்சு மணிக்கு நாலுக்கு எறக்கி, மூடி போட்டுட்டுப் போனேன். பத்து மணி நேரத்துல பத்து பதினொண்ணுக்கு வரும்னு மூணு தடவ பாத்து வெச்சிருக்கறனுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நாலு ஒடம்புக்கு ஆகாதுங்க. வெச்சுக் காப்பாத்தறதுக்கு நாலுதானுங்க நல்லது."

உயிரை நடுங்கவைத்த அந்தத் தப்பை அவள் தூக்கி எறிந்துவிடவில்லை. அளந்து, எழுதி, வேலைக்காகும் இடத்தில் வைத்திருக்கிறாள். தனபால் பழக்க தோஷத்தில் செத்துக் கிடந்த பிளக்கையும் பிடுங்கினார். அவள் இறங்கிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். என் ஐஸை வீணாக்க வேண்டாம் என்று மாட்டுத் தொட்டியில் போட்டார்கள். மீன் நாற்றத்துக்கு மாடு வாய் வைக்கவில்லை. அந்த வீட்டில் என் சரக்கு எதுவும் தேறாது போலிருக்கிறது. ஆனாலும் அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, "இத்தன காத்துல இதத் தூக்கிட்டு வந்தீங்களாண்ணா" என்று கேட்டபோது எதிர்க்காற்றில் வந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கேலரியில் மேல் வரிசையில்தான் நிழல், அங்கேதான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். போன வருஷம் உட்கார்ந்த அதே இடம் என்று தனபால் கைகாட்டினார். பூவாத்தாள் தொடையை நீவிக்கொண்டே இருந்தாள். வலி இல்லையா என்று கேட்டேன். "இருக்குதுங்க. ஆனா மடங்குதுங்க" என்றாள்.

மைக் கரகரத்தது. பெண்கள், நாற்பத்தைந்துக்கு மேல், பத்தாயிரம் மீட்டர். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். தனபால் தன்னையறியாமல் எழுந்து அவளுக்கு முன்னால் போய், முதுகைக் கொஞ்சம் குனிந்தபடி நின்றார். சுமக்கத் தயாராக.

"பூவாத்தாள்."

"வந்துட்டனுங்க" என்றாள். அத்தனை தூரத்திலிருந்து மைக்கில் கூப்பிட்டவருக்கு அது கேட்டிருக்காது. எழுந்தாள். புருஷனின் தோளில் லேசாகத் தட்டி, அவரை ஓரமாக நிற்கச் செய்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டாவது படியில் நான் மூச்சைப் பிடித்தேன். அவள் அதையும் தாண்டி இறங்கினாள். கைப்பிடியைத் தொடவில்லை.

இருபத்தைந்து சுற்று. ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் அவளுக்காகக் கத்திய இரண்டே பேரில் ஒருவன் நான். இன்னொருவர், ஊரில் யாரும் சத்தமாகப் பேசிக் கேட்டிராத தனபால். கோட்டைத் தாண்டியதும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். வியர்வையைத் துடைத்தபடி மைதானத்தைக் கடந்து, கேலரியின் முதல் படியில் கால் வைத்து ஏறத் தொடங்கினாள்.

தனபால் என் கையை இறுகப் பிடித்தார்.

"ஏனுங்க, பாத்தீங்களா" என்றார். "நடந்தே வர்றாளுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் கேனை இரண்டு தடவை கவிழ்த்து உதறி, பாலைக் கறந்து ஊற்றிக்கொண்டு போய்ச் சொசைட்டி வரிசையில் நின்றேன்.